எதிர் வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது?

2025 நவம்பரில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக நாங்கள் குடும்பத்துடன் வேலூர் செல்ல வேண்டியிருந்தது. ஞாயிறு இரவு புறப்பட்டு அடுத்த சனி இரவு திரும்புவதாக ஏற்பாடு. சாம்பியன் ரீப்ஸில் உள்ள எங்கள் வீட்டில் ஜிம்மி என்றொரு நாட்டு நாய் இருக்கிறது. வயது ஏழு. அதற்கு வலிப்பு நோய் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை மாத்திரை கொடுத்தாக வேண்டும். ஒரு வேளை தவறினாலும் வலிப்பு மீண்டும் வரக்கூடும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்திருக்கிறார். எங்கள் வீட்டு வழக்கப்படி காலை ஆறு மணி, மாலை ஆறு மணி.

பெங்களூரில் நாய்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் ஓரிடத்தில் விசாரித்தேன். ஓர் இரவுக்கு 700 ரூபாய் கேட்டார்கள். ஆறு இரவுக்கு 4,200. அதைவிட, பழகாத இடத்தில் ஜிம்மி உண்ணாமல் கிடக்குமே என்பதுதான் பெரிய கவலை. எதிர் வீட்டுப் பெண் முன்வந்தாள். வயது பதினாறு; முதலாம் ஆண்டு பி.யு.சி., வணிகப் பிரிவு. ஜிம்மி குட்டியாக வந்த நாள் முதல் அவளிடம் பழகியது. வீட்டுச் சாவியையும் மாத்திரை அட்டையையும் அவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டோம். எவ்வளவு கொடுப்பேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பணப்பேச்சு பேசுவது நாகரிகமன்று என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் ஒரு கவரில் 500 ரூபாயை வைத்து, மொய் கொடுப்பதைப் போல அவள் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ் அங்கிள்" என்று வாங்கிக்கொண்டாள். ஜிம்மி நலமாக இருந்தது. தாராளமாகக் கொடுத்துவிட்டதாகவே எனக்கு எண்ணம்.

அடுத்த வாரம் அவளுடைய பாட்டி எங்கள் வீட்டிற்கு வந்தார். ஓய்வூதியத்திற்கான உயிர்வாழ் சான்றிதழைக் கைப்பேசி வழியாக அனுப்ப உதவி கேட்டு வந்தவர் அவர். அவருடைய கணவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், கிஃபோர்ட் ஷாஃப்ட் வழியாக இறங்கி வேலை பார்த்தவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னார்:

"உன் நாய்க்கு மாத்திரை போடணும்னு அஞ்சு நாளும் தனி ஆட்டோ பிடிச்சு ஓடி வந்தா தம்பி. ஷேர் ஆட்டோன்னா ஆள் சேர்ற வரைக்கும் நிப்பான், ஆறு மணி தாண்டிடும்னு சொன்னா."

அவள் ராபர்ட்சன்பேட்டையில் மாலை டியூஷன் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அது எத்தனை மணிக்கு முடிகிறது என்று நான் கேட்டதில்லை. ஆறரைக்கு முடியும் வகுப்பிலிருந்து ஐந்து நாட்களும் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். தனி ஆட்டோவுக்கு 80 ரூபாய். நாளொன்றுக்கு 60 ரூபாய் கூடுதல் என்றால் ஐந்து நாளுக்கு 300 ரூபாய். என் 500 ரூபாயில் அவள் கையில் மிஞ்சியது 200. காலையில் முக்கால் மணி, மாலையில் ஒன்றே கால் மணி என்று நாளுக்கு இரண்டு மணி நேரம். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். மணிக்குப் பதினேழு ரூபாய்கூடத் தேறவில்லை. அதிலும் அவள் விட்டுவிட்டு வந்த பாடங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மொத்த வரவு வேறு, நிகர வரவு வேறு என்று பி.காம். முதலாண்டிலேயே படித்தவன் நான். கடன் விண்ணப்பம் கொண்டுவரும் சிறு வியாபாரியிடம், "வரவு இருக்கட்டும், செலவு என்ன?" என்று நாள்தோறும் கேட்பவன். எதிர் வீட்டில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

பாட்டி மற்றொன்றும் சொன்னார். நவம்பர் விடியலில் ஐந்தே முக்கால் மணிக்கு இருட்டும் பனியுமாக இருக்கும். பெண்ணைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவரும் கூட வந்து, ஜிம்மியை நடத்தி முடிக்கும் வரை எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாராம். ஆக, ஒருத்தியை வேலைக்கு வைத்ததாக நான் எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் இருவர் வேலை செய்திருக்கிறார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரின் நிலையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே தடம் பதித்த பிறகு, தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் பிழைப்பு என்றால் பெங்களூர்தான். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால ரயிலில் ஏறுபவர்கள் இரவுதான் வீடு திரும்புகிறார்கள். பகல் முழுவதும் தெருவில் இருப்பவர்கள் முதியவர்களும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுமே. ஆகவே நாய்க்குச் சோறு வைப்பது, தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது என்று எத்தனையோ வேலைகளை இந்தப் பிள்ளைகள் செய்கிறார்கள். இவற்றுக்கு விலைப்பட்டியல் எங்கும் கிடையாது. ஒரு வீட்டில் நூறு ரூபாய், இன்னொரு வீட்டில் பிரியாணிப் பொட்டலம், வேறொரு வீட்டில் வெறும் "நல்லா இரும்மா".

கூலி பேசாமல் வேலை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்பது புதிய கேள்வியன்று. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. முன்கூட்டிப் பேசியிருந்தால் பேசியபடி கொடுக்க வேண்டும். பேசாவிட்டால், உழுபவனுக்கு விளைச்சலில் பத்தில் ஒன்று, மாடு மேய்ப்பவனுக்கு நெய்யில் பத்தில் ஒன்று, வாணிபம் செய்பவனுக்கு விற்பனையில் பத்தில் ஒன்று. அதே நூல் அரசின் மாட்டு மந்தைகளைப் பற்றிப் பேசும்போது, மேய்ப்பவர்களுக்குப் பாலையும் நெய்யையும் ஊதியமாகக் கொடுத்தால் கன்றுகளைப் பட்டினி போட்டுவிடுவார்கள், ஆகவே பணமாகக் கொடுப்பதே நன்று என்கிறது. ஊதியத்தை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விலங்கின் நலம் மாறும் என்று அப்போதே கண்டிருக்கிறார்கள். ஜிம்மியிடம் நெய்யும் இல்லை, பாலும் இல்லை. பத்தில் ஒன்று எனக்கு உதவாது. ஆனால் பேசாமல் விட்டவன்மீதுதான் பொறுப்பு என்னும் கருத்து உறைத்தது.

1776இல் ஆடம் ஸ்மித் எழுதிய பொருளியல் நூலில், ஒரு வேலைக்கும் மற்றொரு வேலைக்கும் ஊதியம் ஏன் வேறுபடுகிறது என்பதற்கு ஐந்து காரணங்கள் கூறுகிறார். வேலை இனிதா கடினமா, கற்பது எளிதா அரிதா, தொடர்ந்து கிடைக்குமா விட்டுவிட்டுக் கிடைக்குமா, எவ்வளவு நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது, வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பவை அவை. நம்பிக்கைக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு பொற்கொல்லர். அதே அளவு திறமை வேண்டிய வேறு தொழிலாளர்களைவிடப் பொற்கொல்லருக்கு எங்கும் கூலி அதிகம். ஏனெனில் விலையுயர்ந்த பொருளை நம்பி அவரிடம் ஒப்படைக்கிறோம். தங்கம் எடுத்த ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது மற்ற நான்கும் எனக்குப் பின்னால் போய்விட்டன. நாயை நடத்திச் செல்வது எளிய வேலைதான். ஆனால் நான் அவளிடம் கொடுத்தது வீட்டின் சாவி. பீரோவும் பத்திரங்களும் இருக்கும் வீடு. கூடவே, நேரம் தவறினால் ஓர் உயிர் துடிக்கக்கூடிய மாத்திரை. அவளுடைய இரண்டு மணி நேரத்துக்கு விலை வைத்தால் மட்டும் போதாது. அந்த இருபத்து நான்கு மணி நேரப் பொறுப்புக்கும் ஏதேனும் வைக்க வேண்டும்.

குறைவாகக் கொடுப்பதைவிட ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது மேல் என்பதற்கும் சான்று உண்டு. யூரி நீஸி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்னும் பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இஸ்ரேலில் பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை திரட்ட அனுப்பினார்கள். ஒரு குழுவுக்கு ஊதியம் இல்லை. இன்னொன்றுக்குத் திரட்டிய தொகையில் நூற்றுக்கு ஒன்று. மூன்றாவதற்கு நூற்றுக்குப் பத்து. மிகக் குறைவாகத் திரட்டியது நூற்றுக்கு ஒன்று பெற்ற குழு. ஊதியமே பெறாத குழு எல்லோரையும்விட அதிகம் திரட்டியது. அற்பத் தொகை கொடுத்தவுடன், "இது நல்ல காரியம்" என்னும் எண்ணம் போய், "என் உழைப்பின் விலை இவ்வளவுதானா?" என்னும் எண்ணம் வந்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு ஒன்றுமே கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம். ஒரு முறை செய்யும் உதவிக்கு அது பொருந்தும். ஆண்டுக்கு நான்கு முறை ஊருக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் அதை உதவி என்று சொல்லிக்கொள்வது வசதியான பேச்சு.

சரி, எவ்வளவு? பெங்களூர்க் காப்பகத்தின் 700 ரூபாயில் இட வாடகை, ஆட்கள், அவர்களுடைய லாபம் எல்லாம் அடக்கம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அது மேல்வரம்பைக் காட்டுகிறது. கீழ்வரம்பைக் காண, இந்த நேரத்தில் அவள் வேறு எதைச் செய்து சம்பாதித்திருப்பாள் என்று பார்த்தேன். சென்ற கோடை விடுமுறையில் தெருவில் மூன்று சிறுவர்களுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தாள். தலைக்கு மாதம் 400 ரூபாய். இருபத்து நான்கு நாளுக்கு 1,200 என்றால் மணிக்கு 50 ரூபாய். அதற்குக் கீழே கொடுத்தால், அவள் என் நாய்க்காகத் தன் வருமானத்தை இழக்கிறாள் என்று பொருள். எனவே இரண்டு மணி நேரத்துக்கு 100 ரூபாய். சாவிக்கும் மாத்திரைக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய். ஆக 150. பயணச் செலவு, கூடுதலாக ஆன அளவு, தனியே. பண்டிகை நாளில் இரு மடங்கு. நான் கண்ட விடை இது. உங்கள் தெருவில் வேறாக இருக்கலாம். 50 ரூபாய் என்பது பொறுப்புக்குக் குறைவு என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கணக்குப்படி நவம்பருக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது 900-உம் 300-உம் சேர்த்து 1,200 ரூபாய். பாக்கி 700. அடுத்த ஞாயிறன்று எடுத்துச் சென்றேன். அவளுடைய தந்தை வீட்டில் இருந்தார். அவரும் ரயில் ஏறிப் பெங்களூர் போய் வருபவர்தான். பணத்தைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன சார், எதிர் வீட்டுல கூலியா?"

அந்தச் சொல்லின் எடை எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் குடியிருப்புகளை அக்காலத்தில் கூலி லைன் என்றுதான் சொல்வார்கள். அதிகாரிகளின் பங்களாக்கள் ஒரு பக்கம், கூலி லைன்கள் மறுபக்கம். அந்த லைனில் பிறந்தவரின் மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். அவள் கையில் நான் கூலியைத் திணிக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நான் கவரில் வைத்துக் கொடுத்த 500 ரூபாய் அவரைப் புண்படுத்தவில்லை. கணக்குப் போட்டுக் கொண்டுவந்த 700 புண்படுத்தியது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பாட்டிதான் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "உங்கப்பா சம்பள நாளன்னைக்கு சீட்டை எங்கிட்ட கொடுத்து எண்ணச் சொல்வாரு. எதுக்கு எவ்வளவுன்னு அதுல எழுதியிருக்கும். எழுதிக் கொடுத்தா அது சம்பளம்டா. வாங்கிக்கோ." பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் முன்னாலயே சொல்லிட்டுப் போயிருக்கலாம் தம்பி" என்றார்.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. "அவளையே கேளுங்க சார்" என்றார். அவள் என் தாளை வாங்கிப் பார்த்து, ஒரு நாள் ஆட்டோக்காரர் 70 ரூபாய்தான் வாங்கினார், ஆகவே பாக்கி 690 என்று திருத்திக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பதினான்கு வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. 2016 திருத்தத்திற்குப் பின், பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகளைத் தவிர, எல்லாத் தொழில்களுக்கும் இது பொருந்தும். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை அபாயமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. நிறுவனங்களில் இந்த வயதினரை இரவு ஏழு மணிக்குப் பிறகும் காலை எட்டு மணிக்கு முன்பும் வேலை வாங்கக் கூடாது என்றும் விதி உண்டு. என் வீடு நிறுவனமன்று. ஆனாலும் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பதைப் படியில் குளிரில் உட்கார்ந்திருந்த பாட்டி எனக்கு விளக்கியிருந்தார்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு செய்தி. பதினெட்டு நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903ஆம் ஆண்டு மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காக்கும் விதி அது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. 1940களின் இறுதியில் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்கு வந்த ராஜ் ராணி வழக்கில், வயது நிறையாத மகளைத் திரைப்படத்தில் நடிக்க வைப்பதாக ஒரு தயாரிப்பாளரோடு தந்தை ஒப்பந்தம் செய்திருந்தார். தயாரிப்பாளர் வாக்குத் தவறினார். ஒப்பந்தம் செல்லாது, எனவே வழக்கும் நிற்காது என்று ஆயிற்று. எதிர் வீட்டுப் பெண் என்மீது வழக்குத் தொடர முடியாது என்று இதற்குப் பொருள். அவளுக்கு உள்ள ஒரே பிணை என் சொல்தான். கடன் பத்திரத்தில் பத்துக் கையெழுத்து வாங்கிப் பழகிய எனக்கு இது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பத்து வயது நிறைந்தவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கும் வைப்புக் கணக்கும் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதையும், ஏ.டி.எம். அட்டை போன்ற வசதிகளையும் அந்தந்த வங்கி தீர்மானிக்கும். கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. பதினெட்டு நிறைந்ததும் புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்க வேண்டும். வருமான வரியைப் பற்றிப் பல பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளையின் பெயரில் உள்ள வட்டி போன்ற வருமானம் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆனால் பிள்ளை தன் உடலுழைப்பாலோ திறமையாலோ ஈட்டியது அவ்வாறு சேர்க்கப்படாது. சட்டமே பிள்ளையின் உழைப்பைத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. அவள் கணக்குத் தொடங்கினாள். முதல் வரவு 690 ரூபாய்.

பொங்கலுக்கு மீண்டும் நான்கு நாட்கள் வெளியூர். இம்முறை முதலிலேயே உட்கார்ந்து பேசினோம். மாத்திரை நேரத்தை ஏன் ஆறு மணியாக வைத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தால், நான் அலுவலகம் கிளம்பும் நேரத்துக்காக நானே வைத்துக்கொண்டது அது. மருத்துவரைக் கேட்டு, நாளுக்குக் கால் மணி நேரமாகத் தள்ளி, நான்கு நாளில் ஏழு மணிக்குக் கொண்டுவந்தோம். காலையில் வெளிச்சம் வந்துவிடும். பாட்டி வர வேண்டாம். டியூஷன் உள்ள நாட்களிலும் வகுப்பு முடிந்து ஷேர் ஆட்டோவிலேயே வந்து சேரலாம். மணி நேரக் கணக்கை நான் அவ்வளவு நுணுக்கமாகப் போட்டதைவிட இந்த ஒரு மணி நேர மாற்றம் அவளுக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். மூன்று நாளுக்கு 150 வீதம், பொங்கலன்று 300, ஆக 750. மருத்துவரின் எண். அவசரச் செலவுக்குத் தனிக் கவரில் 1,000 ரூபாய். அது அவள் ஊதியமன்று. காற்று அடிக்கும் நாட்களில் சயனைட் மேட்டுப் பக்கம் நாயை அழைத்துப் போக வேண்டாம்; அந்தத் தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். முடியாத நாள் வந்தால் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். அதற்காகத் தொகையில் பிடித்தம் இல்லை, வராத நாளுக்கு மட்டும் கிடையாது. இந்தக் கடைசி விதி அவள் சேர்த்தது.

திரும்பி வந்தபோது கவரில் 935 ரூபாய் இருந்தது. ஜிம்மியின் பாதத்தில் முள் ஏறியதற்கு மருந்தும் பஞ்சும் வாங்கிய 65 ரூபாய்க்கு ரசீது. ஒரு நோட்டில் எட்டு வேளை மாத்திரைக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. ஒன்று மட்டும் 7.10. அருகில், "சாப்பாட்டில் வைத்ததைத் துப்பிவிட்டது, வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாள். அன்றே 750 ரூபாயை அவள் கணக்கில் செலுத்தினேன்.

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது தன்னால் வர இயலாது என்றும், தன் சித்தி மகன் ஜிம்மியை நன்றாகப் பார்த்துக்கொள்வான், அதே சம்பளம் போதும் என்றும் சொன்னாள். அவனுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள். அந்த வாரம் நான் ஊருக்குப் போகவில்லை. என் மனைவி மட்டும் போய் வந்தாள்.